கழிவுக்கு உரியவர் யார்?

மார்க்கச் சட்டம் கூறும் ஃபிக்ஹு நூல்களில் தூய்மையைப் பற்றிய பாடமே முதற்பாடம். எது சுத்தம், எது நஜீஸ், எதை எத்தனை முறை கழுவினால் தூய்மையாகும் என்பதையெல்லாம் மத்ரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடையின்றி ஒப்புவித்துவிடும். ஆனால் அசுத்தமென்று நாம் ஒதுக்கித் தள்ளிய ஒரு பொருளுக்கு ஒரு நாள் திடீரென விலை ஏற்பட்டுவிட்டால், அது யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு அந்த முதற்பாடத்தில் விடை இல்லை. அது பல நூறு ஏடுகளுக்கு அப்பால், கொடுக்கல் வாங்கல் பற்றிய பகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. இவ்விரு பாடங்களையும் ஒன்றாக வைத்துப் படிக்க நேர்ந்த ஒரு சந்தர்ப்பம் நம் இளமையில் கலசப்பாக்கத்தில் வாய்த்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் அதன் பிற்பாதி நம்மை விட்டு அகலவில்லை.

ஹிஜ்ரி 1405-ஆம் ஆண்டு ரமளான் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1985 மே மாதத்தின் பிற்பகுதி. கத்திரி வெயில் இன்னும் தணியவில்லை. திருவண்ணாமலை தனி மாவட்டமாக 1989-இல்தான் பிரிந்தது. அதுவரை கலசப்பாக்கம் வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். செய்யாற்றங்கரையில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் பூமி. மேற்கே ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும். போளூர் வழியே ஆரணிக்குப் போனால் தெருவுக்குத் தெரு பட்டுத்தறியின் ஓசை கேட்கும். அவ்வூர்ப் பள்ளிவாசலில் நம் உஸ்தாத் இமாமாக இருந்தார்கள். நமக்கு அப்போது பதினான்கு வயது. அவர்களுடனேயே தங்கி நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டு ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, ஜமாஅத்தில் வசதி மிக்க ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுக் கலன் ஒன்றை அமைத்தார். எட்டு மாடுகள் கட்டிய வீடு அது. ஒன்றிய அரசு 1981-82-இல் தேசிய எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கி, கலன் கட்டுவோருக்கு மானியம் வழங்கி வந்த காலம். கதர் கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மாதிரி அது. தரைக்குள் கிணறு போல் வட்டமாக எழுப்பிய செங்கற்கட்டு. அதன்மேல் கவிழ்த்து வைத்த பெரிய இரும்புத் தொட்டி. ஒரு பக்கத்துத் தொட்டியில் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து ஊற்றினால் மறுபக்கத்து வாயில் பழைய கரைசல் வழியும். வாயு சேரச் சேர இரும்புத் தொட்டி மேலே எழும்பும். அடுப்பு எரிய எரியக் கீழே அமரும். நாங்கள் ஓதும் பிள்ளைகள் அஸருக்குப் பிறகு அங்கே போய், தொட்டி இன்று எத்தனை சாண் எழும்பியிருக்கிறது என்று கையால் அளந்து பார்ப்போம். மூச்சு விடும் ஓர் உயிர்ப்பிராணியைப் பார்ப்பது போலிருக்கும்.

வீட்டுக்காரர் ஒரு நற்செயலை விரும்பினார். ரமளான் முழுவதும் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியைத் தம் வீட்டிலேயே, புதிய அடுப்பில், தம் செலவில் காய்ச்சித் தருவதாகச் சொன்னார். அப்போதுதான் பிரச்சினை எழுந்தது. சாணத்திலிருந்து வந்த நெருப்பில் நோன்பாளிகளின் கஞ்சியா என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். இத்தனை காலமும் வறட்டியில்தானே காய்ச்சினோம் என்றார் இன்னொருவர். வறட்டி வெயிலில் காய்ந்த பொருள், இது ஈரச் சாணத்தின் வயிற்றிலிருந்து நேரே வருகிறது என்று பதில் வந்தது. பேச்சு வளர்ந்தது. இறுதியில் ஹஜ்ரத் என்ன சொல்கிறார்களோ அதற்குக் கட்டுப்படுவோம் என்று கலைந்தார்கள்.

உஸ்தாத் மூன்று நாட்கள் அவகாசம் கேட்டார்கள். அந்த மூன்று இரவுகளும் அரிக்கேன் விளக்கருகே கிதாபுகளைப் புரட்டினார்கள். ஏடு எடுத்துக் கொடுக்கும் பணி நமக்கு. பிற்காலத்தில் நாம் எத்தனையோ பாடங்களை முறையாக ஓதினோம். ஆனால் ஒரு மஸ்அலா எப்படி ஆராயப்படுகிறது என்பதை அந்த இரவுகளில்தான் கண்டோம்.

மாட்டுச் சாணத்தை ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் நஜீஸ் என்றே கொள்கின்றன. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் உண்ணத்தகும் கால்நடைகளின் சாணம் தூய்மையானதே. எனவே கேள்வி முதலிரண்டு மத்ஹபினருக்குத்தான். ஒரு பொருள் தன் இயல்பு முழுவதும் மாறி வேறொரு பொருளாகிவிட்டால் பழைய தீர்ப்பு அதன்மேல் நிற்குமா? இந்த உருமாற்றத்தைச் சட்ட அறிஞர்கள் 'இஸ்திஹாலா' என்பர். எரிந்து சாம்பலான சாணம் தூயது என்பது ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. தீர்ப்பும் அதன்படியே வழங்கப்படுகிறது. ஷாஃபிஈ அறிஞர்கள் இதில் சற்று இறுக்கமானவர்கள். நஜீஸின் புகையும் நஜீஸே, சிறிதளவாயின் மன்னிக்கப்படும் என்பர். சாணத்தீயில் சுட்ட ரொட்டியைப் பற்றிய ஆய்வும் அவர்களுடைய நூல்களில் உண்டு.

மூன்றாம் இரவு உஸ்தாத் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்கள். ஷாஃபிஈ நூல்கள் ஆவியை இரண்டாகப் பிரிக்கின்றன. நெருப்பின் உதவியால் நஜீஸிலிருந்து எழும் ஆவிக்கு ஒரு தீர்ப்பு. நெருப்பின்றித் தானாக எழும் ஆவிக்கு வேறொரு தீர்ப்பு. மலக்குழியிலிருந்து தானே எழுந்து வரும் ஆவிகூடத் தூயதே என்று அவை கூறுகின்றன. கலனில் உண்டாகும் வாயுவோ தீயால் பிறப்பதன்று. காற்றுப் புகாத இருட்டில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சாணத்தைத் தின்று வெளிவிடும் மூச்சு அது. அதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பத்தைந்து முதல் அறுபது பங்கு மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. எரிந்த பின் மிஞ்சுவது நீராவியும் கரியமில வாயுவும்தான். சதுப்பு நிலங்களில் இரவில் தோன்றும் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்களே, அதற்கும் இவ்வாயுவே காரணம் என்பர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எவரோ எழுதி வைத்த ஒரு சிறு வேறுபாடு செய்யாற்றங்கரையில் ஓர் இரும்புத் தொட்டிக்கு விடை சொல்லிற்று.

மறுநாள் லுஹருக்குப் பின் உஸ்தாத் தீர்ப்பை அறிவித்தார்கள். முகம் சுளித்த பெரியவரைப் பார்த்துப் புன்னகையுடன், "உங்கள் மகளின் நிக்காஹுக்கு ஆரணிப் பட்டு எடுத்தீர்களே, அது ஒரு புழுவின் வாயிலிருந்து வந்த நூல்தானே?" என்று கேட்டார்கள். சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய பாலைப் புகட்டுவதைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் படிப்பினையாகக் காட்டுவதையும் நினைவூட்டினார்கள். பெரியவரும் சிரித்துவிட்டார். அன்று மாலை முதல் கஞ்சி அந்த வீட்டிலிருந்து வந்தது.

அவ்வடுப்பை நாமும் சென்று பார்த்தோம். நீலச் சுடர், புகையில்லை, சட்டியின் அடியில் கரியில்லை. அந்த வீட்டு அம்மா பல ஆண்டுகளாகக் கண்ணில் நீர் வடியும் நோயுடையவர். புகை சூழ்ந்த சமையற்கட்டில் அரை ஆயுளைக் கழித்த தாய்மார்களுக்கு அது என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. வறட்டி அடுப்பில் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் சேரும். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்றுண்டு. வறட்டியாக எரித்த சாணம் வயலுக்குத் திரும்புவதில்லை. அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் இட்ட சாணமோ எரிவாயுவைக் கொடுத்த பின்பும் கரைசலாக வெளிவந்து நல்ல உரமாகிறது. ஒரே பொருள் அடுப்புக்கும் உதவி, நிலத்துக்கும் உதவுகிறது. இதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. நமக்கும் வரவில்லை.

நோன்பு பதினைந்தைக் கடந்திருக்கும். ஒரு நாள் உஸ்தாத், பள்ளிவாசலின் பழைய கஞ்சிக் கொட்டகையருகே நின்று, "வறட்டி போடும் அந்த அம்மாவைக் காணோமே?" என்று கேட்டார்கள். அப்போதுதான் நமக்கும் நினைவு வந்தது.

அவர் ஒரு கைம்பெண். நம் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லர். கலன் கட்டிய வீட்டின் மாட்டுக் கொட்டிலை விடியற்காலையில் கூட்டிப் பெருக்குவது அவருடைய வேலை. அதற்குக் கூலி பணமாகக் கிடையாது. கொட்டிலில் விழும் சாணமே கூலி. அதை உருட்டி, உமி தூவி, ஆற்றங்கரைச் சுவரில் தட்டிக் காயவைத்து, வறட்டியாக விற்பார். சில வீடுகளும், ஒரு தேநீர்க் கடையும், ரமளானில் பள்ளிவாசலின் கஞ்சி அடுப்பும் அவருக்கு வாடிக்கை. ஆண்டில் அவர் சற்று நிறைவாகப் பணம் காணும் மாதம் நம்முடைய நோன்பு மாதம்தான். இப்போது சாணம் கலனுக்குப் போயிற்று. கஞ்சி கலனின் அடுப்புக்குப் போயிற்று. சரக்கும் வாடிக்கையும் ஒரே வாரத்தில் அவரை விட்டு நீங்கின.

உஸ்தாத் அவருடைய குடிசைக்குப் போனபோது நாமும் உடன் சென்றோம். அவர் முறையிடவில்லை. "மாடு அவங்களது ஐயா, சாணியும் அவங்களது. நான் என்ன கேக்கிறது?" என்றார். அடுப்பில் வேலிகாத்தான் முள் புகைந்துகொண்டிருந்தது. ஆற்றோரத்தில் வெட்டி வந்தது போலும், கையெல்லாம் கீறல்.

திரும்பி வரும் வழியில் உஸ்தாத் ஒன்றும் பேசவில்லை. இரவில் மறுபடியும் கிதாபுகள் இறங்கின. இம்முறை தூய்மைப் பகுதி அன்று.

சட்டப்படி அந்தக் கைம்பெண்ணுக்கு என்ன உண்டு? ஷாஃபிஈ அறிஞர்கள் நஜீஸான பொருளை விற்பனைக்குரிய சொத்தாகவே ஏற்பதில்லை. அதை வைத்திருப்பவருக்கு 'இக்திஸாஸ்' எனப்படும் ஒருவகை முன்னுரிமையே உண்டு. வேண்டுமாயின் பணம் பெற்றுக்கொண்டு அம்முன்னுரிமையை விட்டுக்கொடுக்கலாம். ஹனஃபி அறிஞர்கள் மக்கள் பயன்பெறும் பொருள் என்பதால் சாணத்தை விற்பதை அனுமதிக்கின்றனர். எவ்வழியில் பார்த்தாலும் முதல் உரிமை மாட்டுக்காரருக்கே. பொது மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் சாணத்தை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு அது உரியது. காட்டு விறகும் அவ்வாறே. யாசகம் கேட்பதைவிடக் கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமந்து விற்பது மேல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆனால் இவர் எடுத்தது பொது நிலத்திலிருந்து அன்று, ஒருவரின் கொட்டிலிலிருந்து. ஊர் வழக்கமும் சட்டத்தில் எடை உடையது. அவ்வழக்கப்படி அது அவருடைய கூலி. ஆயினும் கூலிவேலையை முடித்துக்கொள்ள வேலை தருபவருக்கு உரிமை உண்டு. சட்டம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

அடுத்த நாள் அஸருக்குப் பின் உஸ்தாத் வீட்டுக்காரரிடம் பேசினார்கள். அவர் திகைத்துப் போனார். "நான் எவருடையதையும் எடுக்கவில்லையே ஹஜ்ரத், என் மாட்டின் சாணத்தைத்தானே?" என்றார். அவர் கூறியது உண்மை. உஸ்தாத் அதை மறுக்கவில்லை. "சாணம் உங்களுக்கு வேண்டாததாக இருந்தவரை அது அந்த அம்மாவுக்கு உரியதாயிருந்தது. இப்போது வேண்டியதாகிவிட்டது. உருமாறியது சாணம் மட்டும்தானா என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் ஈரமான நெஞ்சம் படைத்தவர். மாதக் கூலி பேசி, கொட்டிலைப் பெருக்குவதோடு சாணத்தைக் கரைத்துக் கலனில் ஊற்றும் பணியையும் அந்த அம்மாவிடமே கொடுத்தார். கரைசல் உலர்ந்த உரத்தில் ஆண்டுக்கு இரண்டு வண்டி அவர் எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடாயிற்று. ஊரார் மகிழ்ந்தனர். சில மாதங்கள் கழித்து உஸ்தாத் அவரை வழியில் கண்டு நலம் கேட்டார்கள். "முன்னெல்லாம் மழை வந்தா என் வறட்டி நனையுமேன்னு ஓடுவேன். இப்ப எனக்கு அந்தக் கவலை ஒண்ணும் இல்லை ஐயா" என்றார். அது நன்றியா, ஆற்றாமையா என்பதை உஸ்தாத் தம் இறுதிக் காலம் வரை தீர்மானிக்கவில்லை. நம்மிடம் இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். தமக்குச் சொந்தமான ஒரு சிறு தொழிலை இழந்து, இன்னொருவர் தொழிலில் கூலியாளானவரின் சொல் அது. கூலி முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

சிந்திக்கச் சிந்திக்க நமக்குத் தோன்றுவது இது: கழிவு என்பது பொருளின் குணம் அன்று. எவருக்கும் வேண்டாததாய்க் கிடக்கும் நிலைக்கு நாம் இட்ட பெயர் அது. அப்படிக் கிடக்கும் வரையில் எளியவர்கள் அதை அண்டிப் பிழைக்கிறார்கள். சாணம், சருகு, உமி, அறுவடைக்குப் பின் வயலில் உதிர்ந்த கதிர் எல்லாம் அத்தகையவை. பத்திரம் ஏதும் இல்லாமல், எவரும் தடுக்காததால் மட்டுமே நிலைத்திருக்கும் உரிமை அவர்களுடையது. அறிவியல் வளர்ந்து கழிவுக்குப் பயன் கண்டுபிடிக்கும் கணத்தில் அதற்கு விலை வருகிறது. விலை வந்ததும் உரிமையாளர் வருகிறார். அவர் புதிதாக எதையும் பறிப்பதில்லை, தம்முடையதைத்தான் எடுக்கிறார். ஆதலால் இங்கே குற்றவாளி என்று சுட்ட ஒருவரும் இல்லை. குற்றவாளி இல்லாத இழப்பை விசாரிக்க எந்த நீதிமன்றமும் கிடையாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாணத்தையும் எலும்பையும் கொண்டு துப்புரவு செய்வதைத் தடுத்தார்கள். அவை ஜின்களுக்கும் அவற்றின் கால்நடைகளுக்கும் உணவு என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். இதை ஓதும்போது பிள்ளைகள் ஜின்களைப் பற்றியே ஆவலோடு கேட்பார்கள். நாமோ வேறொன்றை எண்ணுவோம். நமக்குக் கழிவானது பிறிதொருவருக்கு உணவாக இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அவரையும் எண்ணிக் கையை இழுத்துக்கொள் என்னும் கற்பனையல்லவா அது? தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி அபூதாவூதில் உண்டு. நெருப்பில் பங்கு என்றால் என்ன என்பதற்கு அறிஞர்கள் எல்லை வகுத்தார்கள். குளிர் காயலாம், வெளிச்சம் பெறலாம், தன் திரியைக் கொளுத்திக்கொள்ளலாம்; ஆனால் கொள்ளிக்கட்டையை உடையவரின் சம்மதமின்றி எடுக்கலாகாது. விறகு ஒருவருடையது, நெருப்பு எல்லோருடையதும். நல்ல பிரிவினைதான். ஆனால் குழாய்க்குள் அடைபட்ட நெருப்புக்கு இதை எப்படிப் பொருத்துவது? அதில் அண்டை வீட்டார் திரி கொளுத்த வழியில்லையே.

அல்கலம் அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்களின் வரலாறு நம் வீடுகளில் பலமுறை ஓதப்படுவது. ஏழைகள் எவரும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று கூடிப் பேசி, விடியுமுன் கனி பறிக்கக் கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால் தோட்டமே கருகிக் கிடந்தது. அவர்கள் பிறர் தோட்டத்தில் திருடவில்லை. தங்கள் கனியைத் தாங்கள் பறிக்க நினைத்தார்கள், அவ்வளவே. சொந்தப் பொருளை எடுக்கும் நேரத்தையும் விதத்தையும் பற்றிக்கூட ஒரு கேள்வி உண்டு என்பதை அங்கே காண்கிறோம். கலன் கட்டியவரை அவர்களோடு ஒப்பிடுவது பெரும் அநியாயம். அவர் எவரையும் விலக்க எண்ணவில்லை. எண்ணாமலே விலக்கிவிட்டார் என்பதுதான் நம்மை உறுத்துவது.

இது கலசப்பாக்கத்தில் மட்டும் நடந்ததன்று. ஒரு கிலோ ஈரச் சாணத்தில் ஏறத்தாழ நாற்பது லிட்டர் வாயு கிடைக்கும். சிறு குடும்பத்துக்குரிய இரண்டு கன மீட்டர்க் கலனுக்கு நாள்தோறும் ஐம்பது கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகளாவது இருக்க வேண்டும். அத்தனை மாடும், கலனுக்கு இடமும், கரைக்கத் தண்ணீரும் உடையவர் ஊரில் எத்தனை பேர்? நாடெங்கும் ஐம்பது இலட்சத்தை ஒட்டிய வீட்டுக் கலன்கள் கட்டப்பட்டதாகக் கணக்கு. மாடில்லாத வீட்டுக்கு அவற்றால் வந்தது முன்பு சும்மா கிடைத்த சாணம் கிடைக்காமற் போனதே என்று அந்நாளிலேயே கிராமப் பொருளாதாரம் ஆராய்ந்தோர் எச்சரித்ததுண்டு.

இதற்கு மாற்றுவழி தேடியவர்களும் இருந்தனர். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் புரா என்றொரு சிற்றூர். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அமுல்ய ரெட்டியும் அவருடைய தோழர்களும் அங்கே ஊருக்குப் பொதுவான கலன்களை அமைத்தார்கள். எல்லா வீட்டு அடுப்புக்கும் வாயு தருவதே முதலில் நோக்கம். ஊரிலுள்ள சாணமெல்லாம் சேர்ந்தாலும் அதற்குப் போதவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு திட்டத்தை மாற்றினார்கள். 1987 முதல் அவ்வாயுவைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டி, மின்சாரம் எடுத்து, வீடுகளுக்கு விளக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தார்கள். சாணத்தை எடைபோட்டு வாங்கினார்கள். சுமந்து வந்தவர் கையில் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். கரைசல் உரத்தைக் கொடுத்தவருக்கே திருப்பினார்கள். சாணத்தைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். மாட்டுக்காரரின் உரிமை, சுமந்தவரின் உழைப்பு, மாடில்லாதவரின் பங்கு ஆகிய மூன்றையும் ஒரே கணக்கேட்டில் எழுதியது அந்தச் சிற்றூர். நெருப்பில் எல்லோரும் பங்காளிகள் என்பதற்கு இதைவிட அணுக்கமான விளக்கவுரையை நாம் கிதாபுகளில் கண்டதில்லை. அதை எழுதியவர்கள் பொறியாளர்கள் என்பதில் நமக்குச் சற்று வெட்கமும் உண்டு.

நம் ஊர்க் கலன் நெடுங்காலம் நிற்கவில்லை. இரும்புத் தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மாடுகள் குறைந்தன. உருளையில் அடைத்த எரிவாயு வந்தது. அந்தக் கைம்பெண் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். குழி மூடப்பட்ட இடத்தில் இன்று இருசக்கர வண்டிகள் நிற்கின்றன.

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் எழுதுகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி முன்னினும் பெரிதாகத் திரும்பி வந்திருப்பதால் எழுதுகிறோம். 2018-இல் ஒன்றிய அரசு சாணம், வைக்கோல், ஆலைக் கழிவு முதலியவற்றிலிருந்து வாயு எடுத்து, அழுத்தி அடைத்து, வாகனங்களுக்கு விற்கும் திட்டங்களைத் தொடங்கியது. கரும்பாலைகள் சக்கையை எரித்து மின்சாரம் விற்கின்றன. பூமி சூடேறுவதைத் தடுக்க இவையெல்லாம் வேண்டியவையே. வீணே அழுகும் சாணத்திலிருந்து காற்றில் கலக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பம் சேர்ப்பது. அதைப் பிடித்து எரிப்பது புண்ணியமே. ஆனால் கழிவுக்கு வந்த பசி கழிவோடு அடங்குவதில்லை. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் எரிவாயுக் கலன்களுக்கென்றே மக்காச்சோளம் பரந்து விளைந்தது. 2012-இல் அதன் அளவுக்கு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. இங்கோ அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து வயலைத் துடைத்துச் செல்கிறது. ஒற்றை மாடு வைத்திருக்கும் நிலமற்றவர் முன்பு வயலில் அள்ளிய வைக்கோலை இன்று கட்டு ஒன்றுக்கு இன்ன விலை என்று வாங்குகிறார்.

சென்ற ஆண்டு களம்பூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் நம்மிடம் ஸகாத் பற்றிக் கேட்க வந்தார். ஆரணி, களம்பூர் வட்டாரத்து அரிசி ஆலைகளை அறியாதவர் இல்லை. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் போக மிஞ்சும் உமியை இப்போது நல்ல விலைக்கு வாங்குகிறார்களாம். அந்த வருமானத்துக்கும் ஸகாத் உண்டா என்பது அவருடைய கேள்வி. வணிக வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று சொன்னோம். அவர் எழுந்தபோது, அவருடைய தகப்பனார் காலத்தில் உமியை யார் எடுத்தார்கள் என்று கேட்டோம்.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். குயவர்கள் வருவார்கள், செங்கல் சூளைக்காரர்கள் வருவார்கள் என்று விரல் மடக்கினார். உமி அடுப்பு வைத்து இட்லி விற்ற ஒரு பாட்டி வருவார். தெருப் பெண்கள் கோணி கொண்டுவருவார்கள். பல் துலக்க உமிக்கரி வேண்டுமென்று சிறுபிள்ளைகள் வருவார்கள். வாயிற்காவலர் எவரையும் தடுத்ததில்லை. "இப்போது வாயில் பூட்டியிருக்கிறது ஹஜ்ரத். லாரி வந்தால்தான் திறக்கிறோம்" என்றார்.

இதற்கு ஸகாத் கணக்கு எதுவும் கிடையாது என்று அவரிடம் சொன்னோம். வியாழக்கிழமைதோறும் நாலைந்து மூட்டையை வாயிலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறேன் என்றார். யார் வந்து எடுக்கிறார்கள், எடுக்க இன்னும் எவராவது மிஞ்சியிருக்கிறார்களா என்பதை அடுத்த முறை களம்பூர் போகும்போது கேட்டறிய வேண்டும்.